நாலு பக்கம்

லாபிஸ் சந்தைத் தெருவில்
சனிக்கிழமை பாசார் மாலாம் கலைந்து
கடைசி வேன் சாமான் ஏற்றிப் போன பிறகுதான்
இசைத்தட்டில் ஊசியை வைப்பேன்.

முதல் பக்கம் இருமலில் தொடங்குகிறது.
பாடகன் இல்லை, கூட்டத்தில் யாரோ.
எந்த ஊர்க் குளிரோ,
ஐம்பது வருடமாக அந்த இருமலுக்கு
மருந்து கொடுக்க ஆளில்லை.
பிறகு கிட்டாரை முறுக்குகிறார்கள்,
முறுக்குகிறார்கள்,
ஒருவன் ஏதோ சொல்ல அரங்கம் சிரிக்கிறது
(இன்றுவரை எனக்குப் பிடிபடாத நகைச்சுவை),
அப்புறம்தான் நாலு குரலும் சேரும்.

நால்வர் என்றதும்
கோவில் சுவரில் வரிசையாய் நிற்பவர்களாக்கும் என்று
அம்மா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள்.
இரண்டு நிமிடம்.
"சண்டை போடுற மாதிரி இருக்கே."
சரியாகத்தான் சொன்னாள்.
மேடைக்குப் பின்னால் முகம் பாராத நாலு பேர்
மேடையில் ஒரே மூச்சை எடுப்பது
தட்டு முழுக்கக் கேட்கும்.

நாங்களும் நாலு பேர்.
நான், லூர்துநாதன், அப்பளசாமி, டிரம்முக்கு யூசோப்.
பால் நிறுக்கும் கொட்டகையில் பழகி
கல்யாணங்களில் வாசித்தோம்.
கூட்டுக் காசில் இந்த இரட்டைத் தட்டு:
சிங்கப்பூர் போன லாரியில் சொல்லிவிட்டது,
இருபத்திரண்டு வெள்ளி.
அப்பளசாமி கப்பல் பட்டறைக்குப் போனான்.
யூசோப் பட்டாளத்துக்கு.
மீந்த இருவருக்கும் நடுவே ஓர் ஆம்ப்ளிஃபையர்.
அதை விற்றது யார், விற்ற காசு எங்கே,
எழுதப் போனால் என் பக்கம்தான் எழுதுவேன்.

பிரித்துக்கொண்டோம்.
விரித்தால் நால்வரும் நிற்கும் அட்டையை
பால்வெட்டும் கத்தியால் மடிப்போடு அறுத்தான்.
எனக்கு இருவர், அவனுக்கு இருவர்,
ஆளுக்கொரு தட்டு.
வீட்டில் வந்து பார்த்தால்
முதல் பக்கத்தின் முதுகில் நாலாம் பக்கம்.
அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாய்த் தானே விழும்
பழைய இயந்திரத்துக்காக அப்படி அச்சடித்தார்களாம்.
ஆக எனக்குத் தொடக்கமும் முடிவும்.
நடுவில் நடந்ததெல்லாம் அவனிடம்.

தோட்டத்தை விற்று லயத்தைக் காலி செய்தபோது
இருவரும் வந்து விழுந்தது ஒரே தெரு.
எதிரெதிர்.

என் முதல் பக்கம் ஓய்ந்து
ஊசி வெறும் பள்ளத்தில் உரசிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை
எதிர் ஜன்னலில் இரண்டாம் பக்கம் எழுந்தது.
அவன் திருப்பும் இடைவெளியில் ஒரு ரயில்.
பிறகு மூன்று:
மரக் கிட்டார் போய் மின்சாரக் கிட்டார்,
இரண்டு பேர் பதிமூன்று நிமிட வாக்குவாதம்.
அது அடங்கியதும் நான் நாலாவதைப் போட்டேன்.
அன்றிலிருந்து பத்தொன்பது வருடம்.
பேச்சில்லை.
கடையில் எதிர்ப்பட்டால் அவன் வெங்காயத்தைப் பார்ப்பான்,
நான் விலையைப் பார்ப்பேன்.

போன வாரம் இரண்டாம் பக்கம் முடியவில்லை.
கைத்தட்டலில் கீறல்.
ஊசி ஒரே வரியில் சுற்றிச் சுற்றி
தட், தட், தட் என்று
அந்த அரங்கமே எழுந்து நின்று
வராத ஒருவனுக்காகத் தட்டிக்கொண்டிருந்தது.
ஐந்து நிமிடம். பத்து.
செம்பனைக் குலை லாரி ஒன்று போனது.
கைலியை இறுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

கதவு சாத்தியிருக்கவில்லை.
நாற்காலியில் இருந்தான்.
வலது கை மடியில், வேறு யாருடையதோ போல.
வாதம் வந்து இரண்டு மாதமாம்,
எதிர்வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.
இத்தனை வாரமும் திருப்பியது மகன்,
அன்று அவனுக்கு இரவு ஷிப்ட்.
என்னைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான்.
வாய் ஒரு பக்கமாய்க் கோணி
"திருப்பு" என்றான்.

திருப்பினேன்.
மூன்றாம் பக்கத்தை நின்றபடியே கேட்டேன்.
உட்காரச் சொல்லவில்லை,
ஆம்ப்ளிஃபையர் பேச்சும் வரவில்லை.
ஜன்னலுக்கு இந்தப் புறமிருந்து கேட்டால்
அந்த வாக்குவாதத்தின் நடுவே
இரண்டாமவன் ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தி
வழிவிடுகிறான்.
தெருவைத் தாண்டும்போது அது உதிர்ந்துவிடும் போல.

முடிந்ததும் ஊசியைத் தூக்கிக் கிடத்தினேன்.
நாலாவது என் வீட்டில் இருக்கிறது.
போய்ப் போட்டேன்.