இருபது வாட்

லிஃப்ட் கதவில் ரோசாக் என்று எழுதி ஒட்டி
இன்றோடு ஒன்பது நாள்.
தண்ணீர் வெட்டு நேற்றிலிருந்து.
இரண்டும் சேர்ந்து வந்ததற்கு
பந்தாய் டாலத்தில் யாரும் வியக்கவில்லை.

லோரி வந்தது ராத்திரி பதினொன்றேகாலுக்கு.
வரிசையில் எனக்கு முன்னால் குணாளன்,
ஒன்பதாம் மாடி, எதிர்க் கதவு,
கிராப் ஓட்டுகிறவன், காலில் ஸ்பிரிங்.
"யார் முதல்ல, அக்கா?" என்றான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
மூச்சைச் சேமித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் படிவம் வரை பௌதிகம் படித்தவள் நான்.
மலாயில் படித்தேன்: கெர்ஜாவை மாசாவால் வகுத்தால் குவாசா.
தமிழில் அது வேலை, நேரம், திறன்.
குவாசா என்றால் அதிகாரம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு.
அன்று அது உறைக்கவில்லை.
அதன்பிறகு பத்தொன்பது வருடம்
சூப்பர்வைசர்களுக்குக் கீழே வேலை பார்த்துவிட்டேன்.

இருபது லிட்டர், ஆகவே இருபது கிலோ.
ஒன்பது மாடி, இருபத்தைந்து மீட்டர்.
புவியீர்ப்பைப் பத்தென்று வைத்துக்கொள்வோம்,
பரீட்சையிலேயே விட்டுவிடுவார்கள்.
ஐயாயிரம் ஜூல்.
எனக்கும் அதுதான், குணாளனுக்கும் அதுதான்.

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவினான்.
மூன்றாம் மாடித் திருப்பத்திலேயே
அவன் தண்ணீர் என் செருப்புக்கடியில் வந்து சேர்ந்தது.
சுவரைப் பிடித்தேன். சுவரும் ஈரம்.

ஆறாம் மாடியில் நின்றேன்.
வாளியை வைக்க இடமில்லை,
யாரோ கால் உடைந்த சோபாவை நிறுத்திவைத்திருந்தார்கள்,
அதில் ஒரு பூனை.
ஜன்னல் துவாரத்தில் கடைசி கமுட்டர் வெளிச்சமாய்க் கடந்தது.
வாளிக் கம்பி விரலுக்குள் இறங்கியது.
நகராத வாளிக்கு வேலை சுழியம் என்று பாடப்புத்தகம் சொல்லும்.
என் தோள்பட்டை அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை.

மேலே வந்து கைப்பேசியைப் பார்த்தால்
நாலு நிமிடம் பத்து நொடி.
வகுத்தேன்.
இருபது வாட்.

குணாளன் வாசலில் குனிந்து நின்று
"நூறு நொடி" என்றான், பாதி மூச்சில்.
வாளியை எட்டிப் பார்த்தேன். அதிலும் பாதி.
பாதிக்குக் கணக்குப் போட்டாலும் இருபத்தைந்து வாட்,
நீதான் ஜெயித்தாய் என்றேன்.
அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.
மிச்சப் பாதி படிபடியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது,
அதற்கு யாரும் நேரம் பார்க்கவில்லை.

தோங்கில் ஊற்றும்போதுதான் ஞாபகம் வந்தது,
என்னைக் கணக்கில் விட்டுவிட்டேன்.
அறுபத்தெட்டுக் கிலோ, பிடி இல்லாத வாளி.
அதையும் நான்தானே தூக்கிக்கொண்டு ஏறினேன்?
பதினேழாயிரம் ஜூல்.
தண்ணீர் அதன் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை.
வினாத்தாளில் வாளியின் எடை கேட்பார்கள்,
தூக்குகிறவளின் எடையைக் கேட்டதாக நினைவில்லை.

தோங்கில் நாலு விரல் ஏறியிருந்தது.
கீழே லோரிக்காரன் ஹாரன் அடித்தான்,
பத்து நிமிடத்தில் குழாயைச் சுருட்டிவிடுவானாம்.

கொரிடோரில் அந்தக் குழல்விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.
பதினெட்டு வாட் என்று ஓரத்தில் அச்சு.
அது விடியும்வரை எரியும்.
நான் நாலு நிமிடம் பத்து நொடி எரிந்தேன்.

குணாளன் என் வாளியையும் எடுத்துக்கொண்டு
"இந்த நடை மெதுவாப் போவோம், அக்கா" என்றான்.
பூனையை மிதிக்காதே என்றேன்.
இன்னும் மூன்று நடை.