காலைப் பிடித்தல்

நாலே முக்காலுக்கு
வைத்திக்குப்பம் படகுத்துறையில்
சவரிராயலு வந்து நிற்பான்.
பேக்கரியில் ராத்திரி வேலை.
ரொட்டியை அடுக்கிவிட்டு நேராக இங்கே.
காது மடலில் மைதா.

வார்டில் பக்கத்துக் கட்டில் அவன்.
கை நடுங்கி என் டம்ளர் பல்லில் இடித்தபோது
"தாளம் தப்புது" என்றான்.
அவன் டம்ளரும் இடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஓடுவதற்கு முதலில் தெரு வேண்டும்.
கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும்
பஸ் ஏறி வருகிறார்கள் எங்கள் ஊர்க் கடைகளுக்கு.
நாங்கள் எந்த பஸ் ஏறி எங்கே போவது?
ஒரு வாரம் சைக்கிளில் அலைந்து
அவன்தான் பாதை பிடித்தான்:
வலை காயும் சந்து,
கோயில் பின்பக்கம், பள்ளிக்கூடச் சுவரோரம்,
அப்புறம் கடற்கரைச் சாலை.
இரண்டு கிலோமீட்டருக்கு
ஒரே ஒரு கடைதான் குறுக்கே.
அங்கே மட்டும் எதிர்ச்சாரிக்கு மாறி
வேறு எதையோ பேசிக்கொண்டு ஓடுவோம்,
கடன் கொடுத்தவன் வீட்டைத் தாண்டுவதுபோல.

பிறகு மணலில் பஸ்கி, தண்டால்.
கடைசியில் படுத்து எழுவது.
அதற்கு ஒருத்தன் காலை
இன்னொருத்தன் பிடிக்க வேண்டும்.

முதல் நாள் என் கணுக்காலில் அவன் கை பட்டதும்
வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.
நான் பிடித்த கால்கள் கொஞ்சமா?
மேஸ்திரி கால், மச்சான் கால்,
ஒருநாள் ஒரு கட்டிங்குக்காக
முன்பின் தெரியாத லாரி டிரைவர் கால்.
என் காலை யாரும் பிடித்ததில்லை.
"நீட்டுய்யா வெல்டரு, வெயில் வந்துடும்" என்றான்.

எண்ணுவதில் ஈவிரக்கம் கிடையாது அவனுக்கு.
நெற்றி முட்டியைத் தொடாவிட்டால்
ஐந்துக்கு அப்புறமும் ஐந்துதான்.
"பாதி எழுந்தா கணக்குல வராது."
ஒருநாள் பதினொன்றிலேயே
ஆறு தடவை கிடந்தேன்.
வயிறு எரிந்தது.
எரிவதற்கு வேறு காரணம் கிடைத்ததில்
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அறுபத்து மூன்றாம் நாள் அவன் வரவில்லை.
போனை அணைத்து வைத்திருந்தான்.
கரையேற்றிய ஃபைபர் படகின் அடியில்
பாதத்தைச் செருகித் தனியாக எழுந்து பார்த்தேன்.
படகு நன்றாகத்தான் பிடித்தது.
அதற்கு எண்ணத் தெரியவில்லை.

எங்கள் பாதையில் ஓடினேன்.
இந்த முறை எதிர்ச்சாரிக்கு மாறவில்லை.

கடைப் படியில் உட்கார்ந்திருந்தான்,
இறக்கிய ஷட்டரில் முதுகைச் சாய்த்து.
ஷூ கயிற்றில் இரட்டை முடிச்சு.
அடுப்பை அப்படியே விட்டுவிட்டு
மூணு மணிக்கே வந்துவிட்டானாம்.
மகள் கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினான்.
மூலையெல்லாம் மஞ்சள்.
அழைப்பவர் இடத்தில்
தாய்மாமன் பெயர் இருந்தது.

கடை திறக்க இன்னும் நாலு மணி நேரம்.

என் மனைவி கதவைத் திறந்ததும்
என் வாயைத்தான் முதலில் முகர்வாள், இன்றைக்கும்.
நான் முகரவில்லை.
காற்று என் பக்கமிருந்து அவன் பக்கம் வீசியது,
அதுவும் நல்லதாய்ப் போயிற்று.

கீழ்ப்படியில் உட்கார்ந்து
இரண்டு காலையும் பிடித்தேன்.
"இங்கயா?"
"படுய்யா."

பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று
வேகம் குறைத்து, பார்த்து, போனது.

முதல் மூன்றும் சுலபமாக வந்தன.
நாலாவதில் பாதியில் நின்று
முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.
திரும்ப விழுந்தபோது ஷட்டர் கடகடத்தது.
"மூணு" என்றேன்.

மறுபடி எழுந்தான். நெற்றி தொடவில்லை.
"மூணு."

என் அம்மாவை இழுத்து
ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
"மூணு."