443ஆம் படலை

வவுனியாவில் பழைய சாமான் கடையில் வாங்கிய கொம்பியூட்டர்.
நெற்றியில் ஏதோ சங்கத்தின் சொத்து இலக்கம்,
சுரண்டியும் போகவில்லை. விட்டுவிட்டேன்.
அலுமாரிக்கும் அரிசிப் பீப்பாவுக்கும் நடுவில்
இரண்டு கல்லின் மேல் இருக்கிறது, கறையான் ஏறாமல்.
அதுதான் சேர்வர்.

முரசுமோட்டையில் வீட்டுத்திட்ட வீடு. பூசாத சுவர்.
முன் அறையிலிருந்து மாட்டுக்கொட்டில் வரை
இருபத்திரண்டு மீற்றர் வயர்.
"அலகு ஒண்டுதான் கிடக்கு, முறிச்சுப்போடாதேங்கோ அக்கா"
என்று சொல்லித்தான் நிறோசன் ட்ரில்லைத் தந்தான்.
மூன்றாம் கல்லில் முறிந்தது.
பிறகு யன்னலால் கொண்டுபோனேன்;
அந்த யன்னல் இனி முழுதாய்ச் சாத்தாது.
குரங்கு கடிக்குமென்று
மிச்சத்தைத் தண்ணீர்க் குழாய்க்குள் விட்டுப் புதைத்தேன்.
கரண்ட் போனால் லான்ட்மாஸ்டர் பட்டரி.

தளத்தில் இருப்பவை மாடுகள்.
கட்டாக்காலியாய்ப் பிடிபட்டவை, பட்டிக்குத் திரும்பாதவை,
தொடையில் சுட்ட குறிகளோடு முந்நூற்றுப் பன்னிரண்டு.
வே, மேலே ஒரு பிறை.
சி, கீழே மூன்று கோடு.
'காணாமல் போனவை' என்று முதலில் தலைப்பு வைத்தேன்.
அழித்து, 'தவறிய மாடுகள்' என்று மாற்றினேன்.
அந்தச் சொல் இந்தப் பக்கத்தில்
வேறு ஆட்களுடையது.

வீட்டுக்குள் எல்லாம் வேலை செய்தது.
அடுப்படியில் திறந்தது, கட்டிலில் திறந்தது,
கொட்டிலில்கூட இரண்டு கோடு சிக்னல்.
192.168.1.10
என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர்.
றோட்டில் அந்தப் பெயருக்கு ஒருத்தரும் திரும்பமாட்டார்கள்.

ரவுட்டரில் 443ஐத் திறந்து சேர்வர் பக்கம் விட்டேன்,
வாய்க்காலில் தண்ணி மாறுகிற மாதிரி.
வைஃபையை அணைத்துவிட்டு ஒழுங்கையால் நடந்து
மதகில் நின்று
கொஞ்ச நேரம் வெளியுலகமாகி
என் வீட்டை நானே தட்டினேன்.
திறக்கவில்லை.
இருநூறு யார் தள்ளி என் வாசல் லைற் எரிகிறது,
கையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கம்பனிக்கு எடுத்தேன். நாற்பது நிமிடம் சங்கீதம்.
"உங்கட முகவரியை இன்னும் கனபேர் பாவிக்கினம் மிஸ்.
தனியா வேணுமெண்டால் மாதம் காசு கட்டோணும்."
கட்டினேன்.
அதுவும் நிலைக்காது,
கரண்ட் போய் வந்தால் வேறு இலக்கம்.
நிலையான முகவரி இன்னொரு விலை.

அதனால் பன்னிரண்டு வரியில் ஒரு நிரல்:
ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் 'நான் இப்ப எங்கை' என்று கேட்டு
பெயரிடம் போய்ச் சொல்லிவிட்டு வரும்.
நாங்கள் ஏழு இடம் மாறின வருடம்
எங்களிடம் அப்படியொன்று இருக்கவில்லை.

திறந்து பதினொரு நிமிடத்தில் முதல் தட்டல்.
மாடு தேடி அல்ல.
அட்மினா? ரூட்டா? ஒன்று இரண்டு மூன்று நான்கா?
விடியுமுன் ஆயிரத்து நாநூறு தரம்.
ஊர் பேர் இல்லாத இயந்திரங்கள்,
கோபம்கூட இல்லாமல்
ஒவ்வொரு படலையாய் அசைத்துப் பார்த்துவிட்டுப் போகின்றன.
எனக்கு வயிறு இழுத்துப் பிடித்தது.
22ஐப் பூட்டினேன். கடவுச்சொல்லை முப்பத்தொரு எழுத்தாக்கினேன்.
பூட்டினதை எழும்பி எழும்பிப் பார்த்தேன்.

நாலு நாற்பதுக்கு ஒரு போன்.
எங்கிருந்தென்று தெரியாது; கொழும்பு என்று காட்டியது,
எல்லாரையும் கொழும்பு என்றுதான் காட்டும்.
நேரே 'வே'க்குப் போனது. பிறைக்குக் கீழே
நாலு நிமிடம் நின்றது.
படத்தைப் பெரிதாக்கியது.
போய்விட்டது.
அழைப்பு ஒன்றும் வரவில்லை. அந்த மாடுதானா?
வேறு மாடா?
பதிவேட்டில் அதற்கு ஒரு நிரல் இல்லை.

பின்பக்கம் ஏதோ முறிகிற சத்தம்.
ரோர்ச்சோடு போனால்
என் பயிற்றங்கொடியை மென்றபடி ஒரு செங்காரிப் பசு.
இரவு முழுக்க எண்களைப் பூட்டியவள்
தடிப் படலையைச் சாத்த மறந்திருக்கிறேன்.

தொடையில் வெளிச்சம் அடித்தேன்.
எங்கள் பட்டியலில் இல்லாத குறி,
ய போலவும் இருக்கிறது, வாய்க்கால் வளைவு போலவும்.
"கொஞ்சம் அசையாமல் நில்லன்" என்றேன்.
நிற்கவில்லை. படம் கலங்கிவிட்டது.
முந்நூற்றுப் பதின்மூன்று.
கலங்கலாகவே ஏற்றினேன்.