நாலு மணித்தியாலம்

காங்கேசன்துறை வாசலில பதினேழு ஓட்டோ.
என்ரை பதினைஞ்சாவது.
போன கிழமை காத்தெண்டு கப்பல் கட்டேல்லை.
தூரத்தில வெள்ளையாய் நிண்டிட்டுப் போயிட்டுது.
கடனுக்கு அடிச்ச பெற்றோலோட
வீட்டை திரும்பினனாங்கள்.

இண்டைக்குக் கட்டிட்டுது.
எனக்கு வாய்ச்சது சென்னை அம்மா ஒராள்.
கையில தொப்பி, முகம் வெளிறிப்போய்.
கோட்டை, நல்லூர், நூலகம், கீரிமலை எண்டு
எழுதி வைச்ச மட்டையை நீட்டினன்.
விலை பேசாமல் ஏறினா.

மாவிட்டபுரம் தாண்டேல்லை,
"நிறுத்துப்பா."

ரோட்டோரம் ஒரு வேம்பு.
அதுக்குக் கீழ வெறும் நிலத்தில இருந்து
ரெண்டு உள்ளங்கையையும் மண்ணில ஊண்டி
"இன்னும் ஆடுதுப்பா" எண்டா.

மேசை நிறைய இருவது வகைச் சாப்பாடாம்,
ஒண்டும் வயித்தில தங்கேல்லையாம்.
மனிசன் பத்தாம் தட்டில, நீச்சல் குளத்தில.
அவருக்குக் கடல் ஒத்துக்கொண்டிட்டுது.

இஞ்சிச் சோடாவும் உப்பு விசுக்கோத்தும்
வாங்கிக் குடுத்தன்.
கோட்டையைக் கேக்கேல்லை, முருகனையும் கேக்கேல்லை.
"உங்க ஊரு நல்லாருக்கு" எண்டா,
ஒரு மரத்தின்ரை நிழலை மட்டும் பாத்திட்டு.

நான் சொல்லேல்லை.
இருவத்தேழு வருசம் முள்ளுக்கம்பிக்குள்ள
கிடந்த காணி இது.
விட்ட அண்டைக்கு நானும் இப்பிடித்தான்
கை ஊண்டிப் பாத்தனான்.

கப்பல் ஊதிச்சுது.
எழும்பினா. இருந்தா. திரும்ப எழும்பினா.

முழுச் சுத்துக்கும் உரிய காசைத் தந்தா.
அரைவாசியைத் திருப்பிக் குடுக்க
சட்டைப் பைக்குள்ள கையை விட்டனான்.
போன கிழமைப் பெற்றோல் ஞாபகம் வந்துது.