வெள்ளிக்கோல்

மகன் பேசி ஏழு மாதமாகிறது.
அதைக் கேட்கத்தான் வந்தேன், ஆண்டவரே,
வேறொன்றுமில்லை.

சிலோயே தீவில் இது ஆகஸ்ட்.
மழை மேலிருந்து வருவதில்லை, பக்கவாட்டில் வருகிறது.
கோயில் சுவரின் மரச்செதில்கள்
ஊறிய மீனைப்போல் பளபளக்கின்றன.
பாதிரியார் படகேறி வருவது வருடத்துக்கு இரண்டு முறை.
மற்ற ஞாயிறுகளில்
படகு செப்பனிடும் ஒசியேல் ஒயார்சோ
தார் மணக்கும் விரலால் செபப்புத்தகம் புரட்டுகிறார்.
ஒரு வரி அவர்,
ஒரு வரி நாங்கள்.

எனக்கு முன்பெஞ்சில் பிரிசில்டா நாவுத்தோவின் கழுத்து.
காதுக்குப் பின்னால் உப்புப் பூத்திருக்கிறது.
விடிகாலை வற்றுக்கடலில் இடுப்பளவு நின்று
லுகா பாசி பறித்தவள்
குளிக்க நேரமில்லாமல் வந்திருக்கிறாள்.
நான் கண்ணை மூடுகிறேன்.
நெஸ்தோர் என்று தொடங்குகிறேன்.
மூடிய கண்ணுக்குள் வந்து தொங்குகிறது
என் கொட்டகையின் வெள்ளிக்கோல்,
அதில் நகரும் கறுத்த குண்டு.

மகனைக் கேட்டேன்.
குண்டைக் காட்டுகிறீர்.

அதைத் துளைத்து ஈயம் ஊற்றியவர் என் கணவர்,
அவர் கணக்கை அவரிடமே கேளும் என்றேன்.
அதற்குப் பிறகு பதினோரு வருடம்
அந்தக் குண்டைத் தள்ளியது எவள் விரல்
என்று நீர் கேட்கவில்லை.
கேட்காமலிருப்பதில் உமக்கு நல்ல பழக்கம்.

தோளுயர மெழுகுவர்த்தி தருகிறேன் என்றேன்.
மூன்று படகு மாறி
நாசரேயர் திருவிழாவுக்கு வருகிறேன்,
கரையிலிருந்து முழங்காலில் வருகிறேன் என்றேன்.
ஐம்பது கிலோவை நாற்பத்தேழு என்று காட்டும் குண்டு
அசையாமல் தொங்கியது.

பதினைந்து வயதில் நெஸ்தோர்
ஒரு மாவு மூட்டையை அதில் மாட்டினான்.
ஐம்பது என்று ஆலையில் அச்சிட்ட மூட்டை.
கோலைப் படித்தான், மூட்டையைப் படித்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
நான் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.
கிளறவே தேவையில்லாத சூப்.
அதனால்தான் போனான் என்று சொல்ல வரவில்லை.
புன்ட்டா அரேனாஸில் சம்பளம் அதிகம்.

திங்கள் இரவு குண்டை அடுப்பில் வைத்தேன்.
ஈயம் உருகி வெளியே வந்தது,
ஒரு கரண்டிகூட இல்லை.

செவ்வாய், பிரிசில்டாவின் முதல் மூட்டை.
ஐம்பத்திரண்டு.
அவள் எண்ணைப் பார்த்தாள்.
"சரியா காயல போலிருக்கு,
அதான் கனக்குது. மூணு கிலோ கழிச்சுக்கோ."

கழித்திருக்கலாம்.
அவளே சொன்னாள், ஆண்டவரே,
அவள் வாயாலேயே சொன்னாள்.

மண்டியிடுவது எனக்கு எப்போதும் சுலபம்,
முழங்கால் பழகிவிட்டது.
மழைக்கு நடுவே நின்றுகொண்டு
"பாசி நல்லாத்தான் காஞ்சிருக்கு" என்று சொல்வதற்கு
எனக்குப் பழக்கமில்லை.
சொன்னேன். மீதியையும் சொன்னேன்.

மூட்டைமேல் உட்கார்ந்து
வெடித்த விரல்களால் எண்ணத் தொடங்கினாள்.
வாரத்துக்கு எத்தனை, பருவத்துக்கு எத்தனை.
பாதியில் கைவிட்டு நிமிர்ந்தாள்.
"எங்கம்மா கொண்டாந்த மூட்டையிலயுமா?"

அவள் அம்மா கல்லறைக்குப் போய் நான்கு வருடம்.
ஆமாம் என்றேன்.

மாதம் இவ்வளவு என்று தவணை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
அவள் அதை வாங்கி மடித்தாள், பேசவில்லை.
இரண்டு பெண்கள் இப்போது லாரிக்காரனிடம் விற்கிறார்கள்.
அவன் கோல் எப்படியோ, எனக்குத் தெரியாது,
சொல்லவும் எனக்கு வாயில்லை.

இன்று ஞாயிறு.
மகன் பேசவில்லை.
கேட்டதை மறந்துவிட்டீரா என்று கேட்க நினைத்தேன்,
அதற்குள் கதவு திறந்தது.
பிரிசில்டா.
தன் வழக்கமான பெஞ்சைக் கடந்து வந்து
எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.
இப்போது என் கழுத்து அவள் கண்ணெதிரே.

ஒசியேல் தன் வரியைச் சொல்லி நிறுத்துகிறார்.
அடுத்தது எங்கள் வரி,
மன்னிப்பைப் பற்றியது.
மற்றவர்கள் தொடங்கிவிட்டார்கள்.
நான் இன்னும் வாய் திறக்கவில்லை.
பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறதா என்று
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.