நூல் விட்டுப் பார்த்தல்

படகு வெர்லினுக்கு.
படகோடு சேர்ந்த திரை,
திரைக்குள் பதினோரு வருஷமாய் நாங்கள் குத்திவைத்த
இருநூற்றுப் பதினேழு புள்ளிகள்,
அவையும் வெர்லினுக்கே.
நீதிபதி அம்மாள் ஏரியில் இறங்கியவள் அல்ல.
"புள்ளிகள்" என்ற சொல்லைக்
கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு
அடுத்த பக்கம் திருப்பினாள்.

எனக்கு வீடு, நாய்,
தம்பி தூக்கிக்கொடுத்த பன்னிரண்டடி அலுமினியத் தோணி,
துணி காயப்போடும் கயிறு ஒன்று.
நுனியில் ஒன்றரை பவுண்டு ஈயக்குண்டு.
அடிக்கொரு முடிச்சு,
ஐந்தடிக்கொரு சிவப்பு நூல்.

அலபாமாவில் ஜூன்.
வசந்தத்தில் கரையோரம் முட்டையிட்ட பாஸ் எல்லாம்
வெயிலை விட்டு ஆழத்துக்குப் போயாயிற்று.
சும்மா ஆழத்துக்கு இல்லை.
அணை கட்டுமுன் ஆறு ஓடிய தடம்
அடியில் இன்னும் வளைந்து கிடக்கிறது.
அதன் விளிம்பு பதினேழடியில் நிற்கும்,
சட்டென்று இருபத்தாறுக்கு விழும்.
விளிம்பெல்லாம் ஒன்றல்ல.
ஒரு மைலுக்கு எதுவுமே இருக்காது.
பிறகு எங்கோ ஒரு சமையலறை அளவுக்கு மேடு,
அதன்மேல் முப்பது நாற்பது மீன்,
பேருந்துக்கு நிற்பவர்கள் போல
ஒரே பக்கம் பார்த்தபடி.

தெற்கே தண்ணீர்த் தொட்டியின் நீலக் குமிழ்
பாப்டிஸ்ட் கோபுரத்தை விழுங்கும்வரை துடுப்பு போட்டேன்.
மேற்கே பாலத்தின் மூன்றாம் தூண்
சோளக் களஞ்சியக் கூரையைத் தொடும்வரை
இன்னும் கொஞ்சம்.
இரண்டு கோடும் வெட்டுமிடத்தில் குண்டை இறக்கினேன்.

சேறு.
சேறு பேசாது. குண்டைக் கவ்விக்கொண்டு
திருப்பித் தர யோசிக்கும்.
இருபது. பத்தொன்பது. சேறு.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
நான் முதலில் விட்டதே காலைத்தான், கல்யாணத்தில்.
பதினேழு.
பதினான்கு.
டக்.
டக் டக், கரகரவென்று
பன்னிரண்டடிக்குக் கீழே செத்த சிப்பிகளின் தளம்
கயிறு வழியே ஏறி
என் சுண்டுவிரலுக்கு வந்து சேர்ந்தது.

மோட்டார் சத்தம். நிமிர்ந்தேன்.
நாற்பதடி மேற்கே, எங்கள் பழைய படகில்,
திரைமேல் குனிந்து வெர்லின்.
எண்பத்தெட்டாம் புள்ளியில்
ஆணி அடித்தாற்போல் நிற்கிறான்.
படகின் அடியில் ஒலி அனுப்பும் குமிழ்
போன அக்டோபரில் மரக்கட்டையில் மோதி உடைந்தது.
புதிது வாங்கக் கஞ்சன்.
வரைபடமும் புள்ளியும்தான் மிச்சம்.

அந்தப் புள்ளிகளைக் குத்தியது நான்.
வெயில் கண்ணில் படாமலிருக்க
கிழக்கிலிருந்துதான் எப்போதும் வருவோம்.
மேடு தெரிந்ததும் "இப்போ!" என்று கத்துவான்.
நான் காப்பியைக் கீழே வைத்து,
கையைத் துடைத்து,
பொத்தானை அழுத்துவதற்குள்
படகு நாற்பதடி தாண்டியிருக்கும்.
எண்பத்தெட்டு மட்டுமல்ல. எல்லாமே.
அப்போது குமிழுக்குக் கண் இருந்தது,
திரும்பி வந்து தேடிக்கொள்வோம்.
பிழை இருந்ததே அவனுக்குத் தெரியாது.

இரண்டு மணிக்கு அணையில் மின்சாரத்துக்காகத்
தண்ணீர் இழுக்கத் தொடங்கினார்கள்.
தோணியின் மூக்கு தானாகத் திரும்பியது.
கீழே பேருந்து வந்துவிட்டது.

முதல் வீச்சு.
ஈயத்தலைத் தூண்டில் சிப்பிமேல் துள்ளித் துள்ளி
விளிம்பைத் தாண்டி விழவேண்டிய இடத்தில்
விழவில்லை.
நாலு பவுண்டு.
அடுத்தது ஐந்து, கோபக்காரி,
தோணிக்குள் வந்தும் என்னை நனைத்தாள்.
மூன்றாவதன் வாயில் முள்ளைக் கழற்றி
நீரில் விட்டபோது
வெர்லின் திரையை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தான்,
தொலைக்காட்சியைத் தட்டுவது போல.

"நெல்டா! நீ நிற்பது எந்த எண்?"

எண்ணே இல்லை என்றேன்.

"சரி, எவ்வளவு தூரம்?"

அவன் குரலில் வழக்கு இல்லை, பசி மட்டும்தான்.
சொல்லக்கூடாதென்று எதுவும் எழுதி வாங்கவில்லை.
சொல்கிறேன், காப்பியைக் குடித்துவிட்டு, என்றேன்.

பிளாஸ்க் நிறைய இருந்தது.