மான் மடிப்பு

பன்னிரண்டரைக்குள் திரும்பிவிட வேண்டும் என்று
கழுத்தட்டையைக் கருவியில் காட்டச் சொல்லி இறக்கிவிட்டார்கள்.
பயணிகளுக்கு மூன்று பேருந்துகள்,
குளிர்ந்த தண்ணீர், குடை, கோணேசர் மலை.
எங்களுக்கு வெயில்.

கப்பலில் என் வேலை துவாலை மடிப்பது.
அறை கூட்டுவதும் உண்டு, கழிப்பறையும் உண்டு,
வீட்டுக்குச் சொல்வது துவாலையை மட்டும்.
இருபத்திரண்டு படுக்கைகளின் மேல் தினமும்
அன்னம், யானை, முயல், தொங்கும் குரங்கு.
மஸ்கட்டில் முயல். கொச்சியில் யானை.
கொழும்பில் என் முறை வரவில்லை, இறங்கவில்லை.

இறங்குதுறையைக்கூடத் தாண்டவில்லை,
செருப்பு வாரின் குமிழ் பிய்ந்து
பெருவிரல் தாரைத் தொட்டது.

ஆக, திருகோணமலையை நான்
நொண்டித்தான் பார்த்தேன்,
நிழலுக்கு நிழல் தாவி.
ஒரு மதில், ஒரு வங்கியின் படி,
தயிர்ச்சட்டிகளை அடுக்கிய கடையின் தகரக்கூரை.
செருப்புக் கடை எங்கே என்றேன்.
லொத்தர் சீட்டு விற்றவர் என் காலைப் பார்த்தார்.
"பாதணிக் கடையோ? ஓம், நேரே போய்
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில கேளுங்கோ."
பாதணி.
நொண்டுகிற காலுக்கு
எவ்வளவு மரியாதையான சொல்.

ரஜீனா பாதணிகள். கல்லாவில் ரஜீனாதான்.
ஐந்து டாலர் நோட்டை நீட்டினேன்.
"இத மாத்த பேங்குல நான்தானே நிக்கணும்" என்று
திருப்பித் தந்தார். கழற்றுங்க என்றார்.
முக்காட்டில் இருந்த இரண்டு ஊக்குகளில்
ஒன்றை உருவினார், ஊதா மணி கோத்தது.
வாரை அடிப்பக்கம் இழுத்துக் குறுக்கே கொடுத்து
கத்தரிக்கோல் பிடியால் இரண்டு தட்டு.
"எவடம் நீங்க?"
தூத்துக்குடி.
"அப்ப கிட்டத்தான்."
கிட்டத்தான்.
கடலைச் சுற்றோ சுற்றென்று சுற்றிப்
பத்தொன்பதாம் நாள் வந்திருக்கிறேன் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பள்ளிக்கூடச் சப்பாத்துக் கேட்டு
ஒரு குடும்பமே உள்ளே நுழைந்தது.

நடந்தால் மணி தரையில் டக் என்றது.
வலது டக். இடது ஒன்றுமில்லை.
டக்.

பஸ் நிலையத்தின் பின்பக்கம்
அந்தச் சத்தத்துக்கு ஒரு காது திரும்பியது.
தலை திரும்பவில்லை. காது மட்டும்.
புள்ளிமான்.
மூதூர் பஸ்ஸுக்கும் சாய்த்துவைத்த சைக்கிளுக்கும் நடுவில் நின்று
எங்கள் பயணி யாரோ தவறவிட்ட
வண்ண வரைபடத்தைத் தின்றுகொண்டிருந்தது.
கோயில் போய்விட்டது. கோட்டை போய்விட்டது.
வெந்நீர்க் கிணறுகள் ஏழும்
உதட்டோரம் ஆடிக்கொண்டிருந்தன.
யாரும் நின்று பார்க்கவில்லை.
நடத்துநர் அதன் முதுகுக்கு மேலாகக் கை நீட்டி
யாருக்கோ மீதிக் காசு கொடுத்தார்.

இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.
அத்தனையையும் அங்கேயே செலவழித்தேன்.
கழுத்து எங்கே மடிகிறது,
முன்காலின் முட்டி எந்தப் பக்கம் ஒடிகிறது,
காது மடிப்பா, சுருட்டா.
கொம்பைப் பார்த்ததும்
கொஞ்சம் பயந்துவிட்டேன்.

பிறகு ஓட்டம். டக்டக்டக்டக்.

கப்பல் எப்போது கிளம்பியது, தெரியாது.
என் தளத்தில் சன்னல் இல்லை.
வாளித் தண்ணீர் ஒருபக்கமாய்ச் சாய்ந்ததும்
குடா முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன்.
மலைமேல் கோயில்
கடலிலிருந்து பார்த்தால் இன்னும் அழகாம்.
மின்தூக்கியில் பேசிக்கொண்டார்கள்.

இரவு, 6114ஆம் அறை.
பெரிய துவாலை இரண்டு, முகத்துவாலை ஒன்று.
உடம்பு வந்தது. கழுத்து வந்தது.
காது, நானே எதிர்பார்க்காத அளவுக்கு, வந்தது.
கொம்புதான் துவண்டு துவண்டு விழுந்தது.
செருப்பிலிருந்து ஊக்கைக் கழற்றி
சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன்.
குத்தினேன். நின்றது.
நெற்றியில் ஊதா மணி.

கைப்பேசியைத் தேடுவதற்குள்
மேற்பார்வை மிலோஷ் வந்துவிட்டார்.
படுக்கையில் ஊக்கா?
யாரையாவது குத்தினால்?
எடு.

எடுத்தேன்.
கொம்பு இரண்டும் சரிந்து
காதோடு காதாகப் படுத்தன.
நாய்க்குட்டியா, நன்றாக இருக்கிறது என்று
தன் பட்டியலில் குறித்துக்கொண்டார்.

பெண்மான் என்றேன்,
தமிழில்.